புகார் ஈமெயிலில் ஊட்டி போகட்டும்

மலை வட்டாரக் காவல் நிலையங்களில் சைபர் புகார் வாங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போலிக் கணக்கில் பெண்பிள்ளைகளின் படத்தைப் போட்டு அசிங்கமாக எழுதும் விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. போன வாரமும் ஒரு புகார், "ஊட்டிக்குப் போய் சைபர் கிரைம்ல குடும்மா" என்ற பதிலோடு திரும்பியது. பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர் கூடலூரில் பஸ் மாறி, நடுவட்டம் ஏறி ஊட்டி போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதற்குள் அந்தக் கணக்கு பெயர் மாறியிருக்கும், இல்லை காணாமலே போயிருக்கும்.

ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தின் 78-ஆம் பிரிவுப்படி இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது, சரி. ஆனால் புகாரை எந்த நிலையத்திலும் பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173 சொல்கிறதே?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். புகார் வந்த அன்றே, விவரங்களை அழிக்காமல் வைக்கச் சொல்லி, அந்தக் கணக்கு இருக்கும் சமூக ஊடக நிறுவனத்துக்குக் கடிதம் போக வேண்டும். கணக்கை மூடினாலும் பதிவு விவரத்தை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது ஐ.டி. சட்டத்தின் கீழ் வந்த 2021 விதி. உங்கள் மேசையில் புகார் கிடக்கும் நாளெல்லாம் அந்த 180-இல் கழிகிறது.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் பற்றாது; அதில் தெரியும் பெயரை நிமிஷத்தில் மாற்றிவிடலாம். கணக்கின் லிங்க், பதிவின் லிங்க், பார்த்த நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்) கேட்கும்போது, ஒரே முகவரியில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். மொபைல் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், போர்ட் எண் இல்லாவிட்டால் ஒரு கூட்டத்தின் பட்டியல்தான் வரும். நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) வந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மறந்தால் சம்பந்தமில்லாத ஒரு பையன் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, எல்லாக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கினால் தொல்லை தீரும் என்று கூட்டங்களில் பேசுகிறீர்கள். தென்கொரியா 2007-இல் பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2011-இல் சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரம் திருடுபோனது. 2012-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவையே ரத்து செய்தது. இங்கே மேஸ்திரியின் அத்துமீறலைப் பெயர் போடாமல் எழுதுகிற தொழிலாளி, பெயர் போட்டால் தோட்டத்து லைன் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா? சொந்தப் பெயரில், வேட்டி சட்டைப் படத்தோடு பெண்களைத் திட்டும் பெரிய மனிதர்களுக்கு எந்த அட்டையை இணைக்கப் போகிறீர்கள்?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை தண்டனை தர, புதிய குற்றவியல் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 351(4) ஏற்கெனவே இருக்கிறது. தயவுசெய்து கடிதத்தை முதல் நாளே அனுப்புங்கள். நீங்கள் அனுப்ப முடியாதென்றால் புகாரை ஈமெயிலில் ஊட்டியிலுள்ள மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குத் தள்ளிவிட்டு, புகார் தந்த அம்மா கையில் சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான சீட்டை) கொடுங்கள்.

இப்படிக்கு,
புகார் எழுதித் தரும் கூடலூர் வட்டாரத் தன்னார்வலர்கள்