அதிர்ச்சியில் இறந்தோர் பட்டியல்: கட்சித் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கட்சிகளின் தலைவர்களுக்கும் பொதுச் செயலாளர்களுக்கும், அவர்களைவிட முக்கியமாக மாவட்ட, ஒன்றிய, கிளைச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

தலைவர் இறந்த அதிர்ச்சியில் இறந்தார்கள் என்று கட்சிகள் வெளியிடும் பட்டியலைப் பற்றியது இந்த மடல். ஒரு தலைவர் மருத்துவமனையில் இருக்கும்போது இதை எழுதினால் அபசகுனமாகப் பேசுகிறான் என்பீர்கள். அவர் இறந்த பிறகு எழுதினால் ஈவு இரக்கம் இல்லாதவன் என்பீர்கள். அதனால் இரண்டும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் எழுதுகிறேன்.

2016 டிசம்பர் 5 இரவு ஜெயலலிதா இறந்தார். சில நாட்களுக்குள் அதிர்ச்சியிலும் துயரத்திலும் இறந்தவர்கள் என்று அதிமுக பட்டியல் வெளியிடத் தொடங்கியது. 77 என்று ஆரம்பித்த எண்ணிக்கை ஒரு வாரத்தில் 470 ஆனது. குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். 2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி இறந்தார். திமுகவின் பட்டியலில் 248 பேர், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களும் ஒத்துப்போகின்றன.

ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலம் இது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஆறேழு பேர் இறக்கிறார்கள் என்று வைத்தால்கூட, ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் வருகின்றன. அதில் மாரடைப்பு ஒரு பெரிய பங்கு. ஒரு தலைவர் இறந்த வாரத்தில் எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த வாரம் நெஞ்சு வலித்து இறந்த ஒரு பெரியவர் செய்தியைப் பார்த்து இறந்தாரா, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் முற்றி இறந்தாரா என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்? பட்டியலில் பெயர் சேர்ப்பவர் டாக்டர் இல்லை. உள்ளூர்க் கட்சிக்காரர். பக்கத்து ஒன்றியத்தில் ஒன்பது பெயர் போயிருக்கிறது, நம்மிடம் நாலுதானா என்ற கணக்கு அவருக்கும் இருக்கத்தானே செய்யும்?

அழுகிற மக்களைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. "தமிழனுக்குத் தலைவன் பைத்தியம்" என்று ஏசி அறையில் இருந்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 1982இல் விரிவான சத்துணவுத் திட்டம் வந்தபோது ஊர்ப் பள்ளியில் தட்டேந்தி நின்ற பிள்ளை, 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆருக்காகத் தேம்பி அழுதால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லியால் பசியாறியவரும், கலைஞர் காப்பீட்டு அட்டையால் அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரும் அழத்தான் செய்வார்கள். ராஜாஜி மண்டபத்து வரிசையில் நின்றதும், மெரினாவில் மொட்டை போட்டுக்கொண்டதும், காவேரி மருத்துவமனை வாசலில் "எழுந்து வா தலைவா" என்று தொண்டை கட்டும்வரை கத்தியதும் அவரவர் நன்றிக்கடன். அதற்கு யாரும் தடை போட வேண்டியதில்லை.

என் பேச்சு பட்டியலைப் பற்றி மட்டும். அந்த ஒரே தாளில் மாரடைப்பில் போனவரும் இருக்கிறார், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே தொகை, ஒரே புகழ்மொழி. பணத்துக்காக யாரும் சாவதில்லை. அப்படிச் சொல்வது அந்தக் குடும்பங்களை அவமதிப்பது. ஆனால் ஏற்கெனவே கடனிலோ குடியிலோ தனிமையிலோ ஒடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, கட்சி நாளிதழில் அச்சாகும் அந்தப் பெயர்வரிசை என்ன சொல்லும்? உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத பெயரை, செத்தால் தலைமையே வாசிக்கும் என்று சொல்லும். தற்கொலைச் செய்தியைப் பெருமைப்படுத்தி, பரபரப்பாக்கி எழுதக்கூடாது என்று இந்திய பத்திரிகை கவுன்சில் 2019இலேயே நெறிமுறை கொடுத்துவிட்டது. கட்சி அறிக்கைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதில் அரசியல் லாபம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு, அந்த அதிர்ச்சியில் இறந்தவர்களின் வீடுகளுக்கு ஆறுதல் சொல்ல அவர் மகன் ஜெகன்மோகன் 'ஓதார்ப்பு யாத்திரை' கிளம்பினார். காங்கிரஸ் மேலிடம் வேண்டாம் என்றது, அவர் நிறுத்தவில்லை. 2011இல் அது தனிக்கட்சியில் போய் முடிந்தது. துக்கம் விசாரிக்கப் போன வழியிலேயே ஒரு கட்சிக்கு அடித்தளம் விழுந்தது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் தந்தை மருத்துவமனையில் இருந்தபோதே, யாரும் உயிரை மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்று மு.க. ஸ்டாலின் தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார். மறக்காமல் செய்த காரியம் அது. அப்புறம் அதே கட்சி பட்டியலும் தொகையும் அறிவித்தபோது, அந்த வேண்டுகோளுக்கு என்ன மதிப்பு மிஞ்சியது?

உண்மையாகவே தடுக்க முடிகிற சாவுகள் வேறு. 2018 ஆகஸ்ட் 8 அன்று ராஜாஜி மண்டபத்தில் தடுப்புகள் சரிந்து, நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். 1969 பிப்ரவரியில் அண்ணாவைக் கடைசியாகப் பார்க்க ரயில் கூரையில் ஏறி வந்தவர்கள் பாலத்தில் அடிபட்டு இறந்தார்கள். இவை அதிர்ச்சி மரணங்கள் இல்லை. வழி, தண்ணீர், தடுப்பு, கூடுதல் வண்டி என்று யாராவது முன்கூட்டி யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. மாநாட்டுக்குப் பந்தல் போட ஆறு மாதம் முன்பே குழு அமைக்கிற உங்களுக்கு இது தெரியாத வேலையா?

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். தலைவர்களே உயிரோடு இருக்கும்போது தம் வாயால் சொல்லட்டும்: "எனக்குப் பின் இறந்தவர்கள் என்று யார் பெயரையும் எழுதக்கூடாது, தொகையும் அறிவிக்கக்கூடாது." நலிந்த தொண்டர் குடும்பங்களுக்கு உதவ வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். எந்த நோயில், எந்த மாதத்தில் இறந்தாலும் ஒரே விதியில், வீட்டின் வறுமையைப் பார்த்துக் கொடுங்கள். தலைவர் உடல்நலம் குன்றும் நாட்களில் கிளைச் செயலாளர்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். கிளையில் யார் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போய் உட்காரட்டும், அரசின் உதவி எண்ணான 104க்குத் தாமே போன் போட்டு, ஆலோசகரோடு பேச வைக்கட்டும்.

தீர்மானத்தை எந்தக் கட்சி முதலில் போட்டாலும் சரி, மற்ற கட்சி "காப்பி அடித்துவிட்டார்கள்" என்று அறிக்கை விடாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லாத ஒரு வாக்காளர்