அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்து?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழில் பள்ளிப் பிள்ளைகளுக்கான தற்காப்புக் கலைகள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தீர்கள். வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலைக்கு மட்டும் ஒரே வரி, "குங்ஃபூ மாதிரி" என்று. என் மகள் ஐந்து வருடமாக ஆடுகிற விளையாட்டு அது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பது வயதில் அவளை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குங்ஃபூ வகுப்பில் சேர்த்தோம். இரண்டாவது வருடம் மாஸ்டர் வூஷு தேசியப் போட்டி என்றார், வேறு மாநிலத்தில் நடக்கிறது என்றார். நுழைவுக் கட்டணம், சீருடை, ரயில், தங்குமிடம் என்று கடன் வாங்கித்தான் அனுப்பினோம். தங்கப் பதக்கத்தோடும் "தேசிய அளவில் முதலிடம்" என்று அச்சடித்த சான்றிதழோடும் வந்தாள். சட்டம் போட்டு மாட்டினோம். அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது அங்கிருந்தவர் சான்றிதழில் இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது, இது செல்லாது" என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது வேறு, அதற்கு விளையாட்டு அங்கீகாரம் இருப்பது வேறு. பதிவு எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். நம் நாட்டில் வூஷுவுக்கான தேசிய அமைப்பு 1989-இல் தொடங்கிய இந்திய வூஷு சங்கம். அது 1990-இல் உருவான சர்வதேச வூஷு கூட்டமைப்போடு இணைந்தது, அந்தக் கூட்டமைப்பைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் அங்கீகரித்திருக்கிறது. தேசிய சங்கத்துக்குக் கீழே மாநிலச் சங்கங்கள், அவற்றுக்குக் கீழே மாவட்டச் சங்கங்கள். இந்தச் சங்கிலி வழியாகத் தேர்வாகிப் போனால்தான் மாநில அணிக்கு ஆடியதாகக் கணக்கு. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் வூஷு இருக்கிறது, ஆனால் அதற்குரிய படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தேசிய சங்கத்தின் அல்லது மாநிலச் சங்கத்தின் செயலாளர். எங்கள் மாஸ்டர் போட்ட கையெழுத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

இப்போது அவள் முறையான பயிற்சியாளரிடம் தாவ்லு கற்கிறாள். வூஷுவில் இரண்டு பிரிவு: தாவ்லு என்பது தனியாக ஆடிக் காட்டுவது, சாண்டா என்பது எதிராளியோடு மோதுவது. தாவ்லுவில் 14 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலக் கம்பளத்தில் ஆட வேண்டும், பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், அதில் அசைவுகளின் தரத்துக்கு 5, மொத்த ஆட்டத்துக்கு 3, கடினமான தாவல்களுக்கு 2. அவள் கம்பு சுற்றுவதைப் பார்த்தால் சிலம்பம் ஆடிய என் அப்பா இருந்திருந்தால் பிடியும் நடையும் வேறு என்று சண்டை போட்டிருப்பார், அப்புறம் ரசித்தும் இருப்பார். சாண்டாவில் 80 சென்டிமீட்டர் உயர மேடை, குத்து, உதை, தூக்கிப் போடுவது மூன்றும் உண்டு, இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்று.

இந்தியா ஆசிய விளையாட்டில் 2006 தோஹாவிலிருந்து 2023 ஹாங்சோ வரை வூஷுவில் வாங்கிய பத்துப் பதக்கமும் சாண்டாவில்தான், தாவ்லுவில் ஒன்றுகூட இல்லை. 2010-இல் சந்தியாராணி தேவி வெள்ளி, 2023-இல் ரோஷிபினா தேவி வெள்ளி, இரண்டு பேரும் மணிப்பூர்ப் பெண்கள். 2017-இல் ரஷ்யாவின் கசானில் பூஜா கடியான் உலகச் சாம்பியன் ஆனார், வூஷுவில் நம் நாட்டுக்கு முதல் உலகத் தங்கம் அது. மணிப்பூர் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது அழுதுகொண்டே பேசிய ரோஷிபினாவை நாங்கள் குடும்பமாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த ஹாங்சோ போட்டிக்கு அருணாசலப் பிரதேசத்தின் மூன்று வூஷு வீராங்கனைகளைச் சீனா வரவிடவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் சீனாவின் செங்டுவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்கும் அவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பதிக்காமல் தனித் தாளாக இணைத்த விசாதான் கொடுத்தார்கள், அதனால் நம் வூஷு அணியே போகவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு ஆடுகிற விளையாட்டு இது, ஆசிரியரே. அதன் பெயரைச் சொல்லி யார் யாரோ காசு பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வூஷு சங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எந்த மாவட்டத்தில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம், மாவட்டத் தேர்வு எந்தத் தேதியில், கட்டணம் எவ்வளவு, ஒரு சான்றிதழ் எண்ணைக் கொடுத்தால் உண்மையா இல்லையா என்று எங்கே பார்ப்பது, இதெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் கிடைத்தால் போதும். ஆங்கிலத்தில் எங்கோ இருக்கிறது என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது இல்லாததுதான். 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் பெண்களும் சாதித்த வீரர்களும் இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அப்படி உள்ளே வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இந்தக் கலைகளைப் பற்றி எழுதும்போது, வகுப்பில் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியைப் பெட்டி கட்டிப் போடுங்கள்: "உங்கள் வகுப்பு எந்த மாவட்டச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறது, அந்தச் சங்கம் எந்த மாநிலச் சங்கத்தோடு இணைந்தது?" கோடை விடுமுறைக்கு முன்னால் வரும் இதழிலேயே போட்டால் நல்லது, புது வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி