ஆண்டுப் பொதுக்குழு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கை மின்னஞ்சலில் போகும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சித்திரை விழாவில் பிள்ளைகளின் நாடகம் நன்றாக அமைந்தது. தீபாவளிக்குச் சாப்பாடு போதவில்லை என்று புகார் வந்தது. பெயர் கொடுக்காமல் வந்தவர்களையும் எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அடுத்து, பலரும் பலவிதமாகப் பேசிவிட்ட பிரெய்ரிப் படம்: பிரெய்ரி என்னும் இங்கத்திய புல்வெளியை, காய்ந்த புல்லையும் விதையையும் பலகையில் ஒட்டிச் செய்த படம். "செயலாளர் சங்கப் பணத்தில் புல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர் இன்று வரவில்லை. இருந்தாலும் விளக்கம் சொல்வது என் கடமை.

நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் இந்த அமெரிக்க மாநிலமான மினசோட்டாவில் ஒருகாலத்தில் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. இன்று மிச்சம் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பெரும்பகுதியை மக்காச்சோளமும் சோயாவும் எடுத்துக்கொண்டன. அந்த நிலத்தை, அதில் விளைந்ததைக் கொண்டே படமாக்கலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குறிப்பேட்டில் கையெழுத்துகள் இருக்கின்றன.

விதையில் படம் செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. மினசோட்டா ஸ்டேட் ஃபேர் என்னும் மாநிலக் கண்காட்சியில் 1965 முதல் அதற்குப் போட்டி உண்டு. லில்லியன் கோல்டன் என்ற அம்மையார் விதைகளை ஒட்டியே மனித முகங்களை உருவாக்கிப் பேர் வாங்கியவர். பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில், மக்காச்சோளக் கதிர்களால் சுவரை அலங்கரிக்கும் மண்டபமான மிட்செல் ஊரின் கார்ன் பேலஸ் 1892-இல் தொடங்கியது. கதிர்களைப் பாதியாகப் பிளந்து, நிறவாரியாகச் சுவரில் ஆணி அடிக்கிறார்கள். டகோட்டா பழங்குடி ஓவியர் ஆஸ்கர் ஹவ் 1948 முதல் 1971 வரை அதற்கு வரைந்து கொடுத்தார். அதைப் பார்க்கப் பேருந்து ஏற்பாடு செய்யலாம் என்று அறிவித்தேன். கடைசியில் ஒரு வேனே அதிகம் என்றாகிவிட்டது.

நம் படம் 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை. இடமிருந்து வலமாக ஓர் ஆண்டு ஓடுகிறது. வசந்தத்தில் பிரெய்ரிக்குத் தீ வைப்பார்களே, அந்தக் கரிந்த நிலத்துக்கு வைல்ட் ரைஸ் என்னும் கறுப்புத் தானியம். கோடைப் பச்சைக்கு உடைத்த பட்டாணி, ஏனென்றால் பச்சைப் புல்தாள் காய்ந்தால் நிறம் நிற்பதில்லை. வலக்கோடியில் இலையுதிர்காலச் செம்பு நிறம்: லிட்டில் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல் தானாகவே அந்த நிறத்துக்கு வந்துவிடுகிறது, நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். வானம்தான் பெரும்பாடு. பிரெய்ரியில் முக்கால்வாசி வானம், ஆனால் நீலமாக ஒரு புல்லும் காய்வதில்லை. பெயின்ட் அடித்துவிடலாம் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் பிக்னிக்கில் உரித்துப்போட்ட மக்காச்சோளத் தோலைச் சேர்த்துக் காயவைத்து, வெளிர் நிறத்திலிருந்து பழுப்பு வரை பிரித்து ஒட்டினோம். மேகத்துக்கு மில்க்வீட் செடியின் விதைப்பஞ்சு. விதைகளில் வண்டு வராமலிருக்கச் சில நாள் உறையவைக்க வேண்டும். அதற்கு ஜனவரியில் என் கராஜே போதும், செலவில்லை.

படத்துக்கென்று வந்த ராகி மூட்டையைத் திருப்பி அனுப்பியதில் ஒரு குடும்பத்துக்கு வருத்தம். ஸ்டேட் ஃபேர் விதிப்படி இந்த மாநிலத்தில் விளையும் பயிர்களின் விதைதான் செல்லும். நாமும் அதையே பின்பற்றினோம். இதில் சொந்த விருப்புவெறுப்பு எதுவுமில்லை. வாசலில் கோலம் போட்டுப் பழகிய நம் அம்மாக்கள் நாலைந்து பேர் வந்திராவிட்டால் படம் பாதியில் நின்றிருக்கும். பெயர் கொடுத்துவிட்டு எட்டிப்பார்க்காதவர்களின் பட்டியலும் என்னிடம் உண்டு. வாசிக்கப்போவதில்லை.

பாதுகாக்கப்பட்ட பிரெய்ரிகளில் ஒரு புல்தாள்கூடப் பறிக்கக்கூடாது. வீட்டில் வளர்த்தால்தான் பொருள் கிடைக்கும். "நகராட்சி நோட்டீஸ் அனுப்பும்" என்று தயங்குவோருக்கு: 2023-இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, திட்டமிட்டு நட்டுப் பராமரிக்கும் இயற்கைத் தோட்டம் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்து விதை கட்டினாலும் நகராட்சி அனுமதிக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவை ஒட்டியே செலவு. கையிருப்பு கவலைப்படும்படி இல்லை, மகிழும்படியும் இல்லை. படத்துக்குப் போனது பலகையும் பசையும் வார்னிஷும் வாங்கிய தொகை மட்டுமே. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. இரண்டு ஆண்டுப் பாக்கி உள்ளவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

அரங்கு தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி பார்த்துக்கொண்ட இளைஞர்களுக்கும், தணிக்கையாளருக்கும், காபி போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யார் செயலாளர் என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும், எனக்குப் பிடிவாதமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். பிரெய்ரி விதையைப் பனி கொட்டுமுன் தூவினால், குளிரில் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். முதல் ஆண்டு வேரில்தான் வேலை, மேலே பார்த்தால் ஒன்றுமே இராது. மூன்றாம் ஆண்டில்தான் பிக் புளூஸ்டெம் புல் ஆளுயரம் நிமிரும். இரண்டாவது பலகைக்கு வேண்டிய புல்தாள் அப்போதுதான் கிடைக்கும். அதுவரை கவனிக்க ஒருவர் வேண்டும்.

தூவ விரும்புவோருக்கு விதைப் பொட்டலங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. அதே மேசையில்தான் பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.