ஒரு துணுக்குச் செய்தி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் குடும்ப வரலாற்றைத் தேடும் வழிகள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பற்றித் தெளிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், விக்டோரியா மகாராணி காலத்துச் செய்தித்தாள்களை ஒரே பத்தியில் முடித்துவிட்டார். இணையத்தில் பெயரைத் தட்டினால் மூதாதையர் கிடைத்துவிடுவார் என்றும் சொல்லிவிட்டார். இது எனக்கு மனக்குறையாக இருந்தது. என் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லண்டில், பரம்பரையாக நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஒரு குடும்பத்தில். பேத்திக்காக மருமகனின் முன்னோரைத் தேடத் தொடங்கி, அந்தப் பழைய தாள்களிலேயே மாலைப்பொழுதுகளைக் கழித்துவருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்புகளுக்கு அரசுப் பதிவு உண்டு. 1841 கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தோர் பெயர்கள் கிடைக்கின்றன. 1851 முதல் உறவுமுறையும் பிறந்த ஊரும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் என்ன நடந்தது, யார் யாரோடு சண்டையிட்டார்கள், எந்தக் குழந்தை எப்படி இறந்தது என்பதையெல்லாம் பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தித்தாள்தான் சொல்கிறது.

எந்த ஆண்டுச் செய்தித்தாள் என்பதும் முக்கியம். 1855 வரை செய்தித்தாள்கள் மீது அரசின் முத்திரை வரி இருந்தது. விளம்பர வரி 1853இல் நீங்கியது, காகித வரி 1861இல்தான் நீங்கியது. வரிகள் போன பிறகு ஒரு பென்னிக்கும் அரை பென்னிக்கும் தாள்கள் விற்கத் தொடங்கின. சிறு நகரங்களுக்குக்கூடச் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை வந்தது. பக்கங்களை நிரப்ப உள்ளூர்ச் செய்தி வேண்டியிருந்ததால், நிருபர்கள் காவல் நீதிமன்றங்களிலும் மரண விசாரணைகளிலும் போய் உட்கார்ந்தார்கள். ஆகவே 1840களில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பெயர் அகப்படவில்லை என்றால், அவர்கள் அங்கே வாழவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிறப்பு, திருமண அறிவிப்புகளை நம்பித் தேடுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். காசு கொடுத்து வெளியிட்ட அறிவிப்புகள் அவை. அவற்றில் தெரிபவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். அதிலும் பிறப்பு அறிவிப்பில், இன்ன ஊர் இன்னாருடைய மனைவிக்கு ஆண் குழந்தை என்ற அளவோடு நிறுத்திவிடுவது வழக்கம். பெற்றவளின் பெயரும் இராது, பிறந்த குழந்தையின் பெயரும் இராது.

அந்தப் பெண்களின் குரல் கேட்கும் இடம் மரண விசாரணைச் செய்திகளில் இருக்கிறது. எனக்கு இவை மிகவும் முக்கியமாகப் படுகின்றன. சந்தேகத்துக்குரிய மரணங்களை விசாரிக்கும் அதிகாரியான கொரோனர் வந்து, பெரும்பாலும் ஊர் மதுவிடுதியிலேயே ஜூரியைக் கூட்டி விசாரிப்பார். ஜூரியார் உடலை நேரில் பார்க்க வேண்டும். முதல் சாட்சி பல சமயம் தாயோ பக்கத்து வீட்டுக்காரியோதான். தான் இன்ன தொழிலாளியின் மனைவி, இறந்தது தன் மகன், வயது இவ்வளவு, காலையில் கணப்படுப்புக்கு அருகே விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன் என்று அவள் சொன்னதை நிருபர் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்வார். நம் ஊரில் தட்டச்சு நிலையங்களில் இரண்டு தலைமுறை பயின்ற பிட்மன் சுருக்கெழுத்தும் அரசுப் பதிவு தொடங்கிய அதே 1837இல் வெளிவந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். கணக்கெடுப்பில் தொழில் என்ற கட்டம் காலியாக விடப்பட்ட ஒரு பெண், தான் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள், வீட்டில் எத்தனை பேர், யார் உதவிக்கு ஓடிவந்தார்கள் என்பதை இங்கே சொல்கிறாள். கொரோனர்களின் சொந்தக் கோப்புகள் பல ஊர்களில் அழிக்கப்பட்டுவிட்டதால், பல மரணங்களுக்கு இந்தச் செய்தி ஒன்றே விரிவான சான்று. இதைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது: விசாரணை நடந்த மரணத்தின் சான்றிதழில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் கொரோனரின் பெயரும், பெரும்பாலும் விசாரணை நாளும் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளை வைத்துக்கொண்டு அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

இனி, என்னை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மருமகனின் முன்னோர் ஒருவர் ரயில் பாதையோரம் நிலக்கரி திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ரிமாண்ட் செய்யப்பட்டார் என்று நான்கு வரிச் செய்தி ஒன்று உண்டு. உறவினர் ஒருவர் அதைப் படியெடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். குடும்பத்தில் அவர் திருடராகவே நிலைத்துவிட்டார். அடுத்த வாரத்து இதழையும், அதே ஊரின் போட்டிப் பத்திரிகையையும் எடுத்துப் பார்த்தபோது, சிதறிக் கிடக்கும் கரியைப் பொறுக்கிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டென்று மேற்பார்வையாளரே சாட்சி சொல்லியிருப்பதும், வழக்கு தள்ளுபடியானதும் தெரிந்தன. குற்றம் சாட்டப்பட்ட செய்திக்குக் கிடைத்த இடம் விடுதலைச் செய்திக்குக் கிடைக்காதது அன்றும் வழக்கம்தான். ஒரு மனிதரின் பெயர் செய்தியில் வந்த முதல் நாளோடு நிறுத்திக்கொண்டு அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, பதில் சொல்ல முடியாதவருக்குச் செய்யும் அநியாயம்.

பெரும் விபத்துகளின்போது செய்தித்தாள் செய்திருக்கும் பணியையும் குறிப்பிட வேண்டும். 1862 ஜனவரி 16 அன்று நார்தம்பர்லண்டின் ஹார்ட்லி சுரங்கத்தில், நீரிறைக்கும் எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து, அந்தச் சுரங்கத்துக்கு இருந்த ஒரே வழியான குழிக்குள் விழுந்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் மாண்டனர். முந்தைய கணக்கெடுப்பு 1861 ஏப்ரலில் நடந்தது, அடுத்தது 1871இல். பதிவேடுகளை மட்டும் பார்ப்பவருக்கு, தந்தையும் மகன்களும் ஒரே வீட்டிலிருந்து ஒருசேர மறைந்துபோவது மட்டுமே தெரியும். நியூகாசில் பத்திரிகைகளில் இறந்தோர் பட்டியலும், விட்டுச் சென்ற மனைவி மக்கள் விவரமும், மீட்புக்காக இரவு பகலாக நடந்த முயற்சியும் இருக்கின்றன. எந்தச் சுரங்கத்துக்கும் குறைந்தது இரண்டு வழிகள் வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. தங்கள் குடும்பத்தின் துயரத்திலிருந்து ஒரு சட்டம் பிறந்தது என்பதை அந்தக் குடும்பங்களின் வழிவந்த குழந்தைகள் அறிந்திருக்க வேண்டாமா?

தேடும் முறையைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்து 2011இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் என்ற பழைய செய்தித்தாள் இணையதளம் பெரும் உதவி. ஆனால் அங்கே நாம் தேடுவது, மங்கிய அச்சைக் கணினி படித்து எழுதிக்கொண்ட எழுத்துகளைத்தான். மை பரவிய இடத்தில் பெயர் உருமாறிவிடும். காதில் விழுந்தபடி பெயரை எழுதிய நிருபர்களும் உண்டு. ஆகவே பெயரை விட்டுவிட்டுத் தெரு, சுரங்கம், தொழில், தேதி ஆகியவற்றால் தேடிப் பார்ப்பது நல்லது. ஒரு பத்திரிகையின் செய்தியை மற்றொன்று அப்படியே எடுத்துப் போடுவது அன்று சாதாரணம் என்பதால், உள்ளூர் இதழ் கிடைக்காதபோது தொலைதூர மாவட்டத்துத் தாளில் அதே செய்தி அகப்படுவதும் உண்டு. வேல்சைச் சேர்ந்த குடும்பங்களுக்கு வேல்ஸ் தேசிய நூலகத்தின் தளமும், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்நாட்டு தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளமும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. ட்ரோவில், கணினி தவறாகப் படித்த வரிகளை வாசகர்களே திருத்தவும் முடியும்.

கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் மரண விசாரணைச் செய்திகளுக்கும் காவல் நீதிமன்றச் செய்திகளுக்கும் தனியே இடம் ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டணத் தளங்களைப் பல பொது நூலகங்களில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதையும் அவர் சேர்த்து எழுதினால், சந்தா கட்ட முடியாத வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
நியூகாசில் வாசகி