எட்டு நிமிஷத்தை ஐந்தாக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அனிமேஷன் குறும்படத்தின் ஸ்கிரிப்ட் படித்தேன். கதை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒற்றை ஆள் வரைந்து முடிக்கிற கதை இல்லை இது. கணக்கைப் பார்: 8 நிமிஷம் என்றால் 480 நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம். ட்வோஸில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து வரைந்தாலும் நொடிக்கு 12 படம், மொத்தம் 5,760. ரஃப், கோட்டைச் சுத்தமாக்கும் க்ளீனப், கலர் எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் வைத்தால் 1,440 மணி நேரம். ஆபீஸ் முடிந்து வந்து தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 480 நாள். பேக்ரவுண்டும் சவுண்டும் இதில் சேர்த்தியில்லை.

5 நிமிஷமாக்கு. அதிலும் மூன்றில் ஒரு பங்கு ஹோல்டாக, ஒரே படம் அப்படியே நிற்பதாக இருக்கட்டும். கண் சிமிட்டல், கொடியில் ஆடும் துணி, அவ்வளவு அசைவு போதும். ஏறக்குறைய 2,400 படம், 200 நாளில் முடியும்.

முதலில் சந்தைக் காட்சியைத் தூக்கு. அத்தனை கூட்டத்தையும் நீ வரைய முடியாது. பாதி திறந்த ஷட்டர் ஒன்றைக் காட்டிவிட்டு, விலை கூவுகிற குரலும் தராசுத் தட்டின் சத்தமும் போடு, சந்தை வந்துவிடும். வசனத்தையும் குறை. லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தனியாளாக மூன்றரை வருஷத்தில் செய்து 2019-ல் வெளியிட்ட 'அவே' 75 நிமிஷம் ஓடும். ஒரு வரி வசனம் கிடையாது. வசனம் இல்லையென்றால் உதட்டசைவைப் பொருத்தும் லிப்சின்க் வேலை இல்லை, டப்பிங் செலவில்லை, வெளியூர் விழாவுக்கு சப்டைட்டிலும் வேண்டாம்.

வெட்டுவதையெல்லாம் அனிமேட்டிக்கிலேயே, அந்த முன்மாதிரிப் படத்திலேயே வெட்டிவிடு. ஷாட்டுக்கு ஒரு குச்சி உருவம், கூடவே தற்காலிக சவுண்ட், அது போதும். கலர் அடித்த ஷாட்டைத் தூக்க யாருக்கும் மனசு வராது.

நீ அனுப்பிய டெஸ்ட்டில் பையன் நடக்கும்போது கால் வழுக்குகிறதே, அதற்கு வாக் சைக்கிளை, திரும்பத் திரும்ப ஓடும் அந்த நடைப் படங்களைத் திருத்திப் பிரயோஜனமில்லை. உருவம் ட்வோஸில் இருக்கிறது, பேக்ரவுண்ட் ஒன்ஸில் ஓடுகிறது. தரை ஒவ்வொரு ஃப்ரேமும் பின்னால் போகிறது. ஊன்றிய பாதம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு தரம்தான் போகிறது. பாதம் ஒரு படத்துக்கு 16 பிக்சல் நகர்ந்தால், பேக்ரவுண்டும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை அதே 16 பிக்சல் நகர வேண்டும். கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் பானில் இது சரியாகிவிடும். வேகமான பானில் விட்டு விட்டுத் தெரியும். அங்கே நடையை ஒன்ஸில் வரைந்தே ஆக வேண்டும், வேலை இரட்டிப்பு. பேசாமல் கேமராவை நிறுத்திவிட்டு, பையனை ஃப்ரேமைக் கடந்து போகவிடு. நம் பட்ஜெட்டுக்கு அதுதான் அழகு!

3டி சாஃப்ட்வேரான ப்ளெண்டரில் செய்த பேக்ரவுண்டை, அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற மெதுவான முறையில் ரெண்டர் போடாதே. ஃப்ரேமுக்கு 2 நிமிஷம் ஆனால், 5 நிமிஷப் படத்தின் 7,200 ஃப்ரேமுக்கு 240 மணி நேரம், அதாவது ராப்பகலாகப் பத்து நாள். அதிலேயே உள்ள வேகமான ஈவீ முறையில் 5 நொடிக்குள் கொண்டுவந்தால் 10 மணி நேரம். நேராக வீடியோ ஃபைலாக எடுக்கவும் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் அந்த ஃபைலே திறக்காமல் போகலாம். ஃப்ரேமுக்கு ஒரு பி.என்.ஜி. படம் என்று வரிசையாக எடுத்தால் நின்ற ஃப்ரேமிலிருந்து தொடரலாம்.

சாஃப்ட்வேருக்குக் காசு கொட்டாதே. க்ரிட்டா, ப்ளெண்டர், 2016-ல் இலவசமாக்கப்பட்ட ஓப்பன்டூன்ஸ் போதும். அந்தக் காசில் ஒரு நல்ல மைக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கு. ஒரு டிஸ்க் வீட்டில் இருக்க வேண்டாம், சிநேகிதன் யாரிடமாவது கொடுத்து வை.

கடைசி ஷாட்டில் பழைய சினிமாப் பாட்டு வேண்டாம். பாடல் பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. நினா பேலி 2008-ல் தனியாகச் செய்த 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' படத்தில் 1920-களின் பழைய பதிவுகளைப் போட்டார். பதிவுகளால் தொல்லை வரவில்லை. பாடல்களின் உரிமைக்காகச் சுமார் 50,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. தெரிந்த பையன் யாராவது புல்லாங்குழல் வாசித்தால் போதும். அதற்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்கு, விழாக்களில் கேட்பார்கள்.

சந்தை இல்லாத அனிமேட்டிக்கை இந்த மாசக் கடைசிக்குள் அனுப்பு, சவுண்டோடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா