ராஜிக்கு, மாயவரத்திலிருந்து

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து நாலு மாசம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் ஒன்றுதான். சாயந்தரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் அப்பாவுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறேன். அதற்குமேல் தொண்டை வறண்டு போய், வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும். கோபம் இருந்தால் இந்தக் கடிதத்தோடு தீர்த்துக்கொள்.

மற்றபடி எல்லாரும் சௌக்கியம். கல்யாணி பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்தது. உன்னைக் கேட்டாள், மோர்க்குழம்பையும் கேட்டாள். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

அப்பாவின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டதடி. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழலாகத் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. நாற்பது வருஷம் மளிகைக் கடையில் தராசு முள்ளைப் பார்த்த கண். பேப்பர் படிக்க முடியாமல் போனதும் மனுஷர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதலில் பேப்பரைத்தான் படித்தேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு, "தினம் இதேதானே, கதை ஏதாச்சும் படிம்மா" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

ராஜி, ஹாஸ்டலில் நாம் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்ததெல்லாம் படிப்பே இல்லை. கண்ணால் மேய்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. எழுதியவர் அசந்த இடம் நாக்கில் இடறும். அவர் காது கொடுத்து எழுதிய இடத்தில் வாய் தானாக ஓடும்.

முதலில் எடுத்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்.' தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்குகிறாளே ஒரு கர்ப்பிணி, நகைக்காக ஒருத்தன் அவளை நீருக்குள் அமுக்குகிறானே, அந்த இடம். சாகும்போது அவன் கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். நான் படிக்கப் படிக்க அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடாதே, விட்டுடாதே" என்றார். புத்தகம் 1976இல் வந்தது. ஆனால் போன வாரம் பக்கத்துத் தெருவில் நடந்த மாதிரி எதிர்வீட்டு அக்காவிடம் மறுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கத்தாயாரு அம்மாள் தன் ஜனம் தெலுங்கு தேசத்தை விட்டு ஓடிவந்த கதையைச் சொல்லும் பகுதியை நான் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாகத் தள்ளியிருக்கிறேன். அதுதான் அப்பாவுக்கு உயிர். கிழவி சொல்லக் கேட்க வேண்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதுதான் தப்பு.

அடுத்தது உன் ஆள், சுஜாதா. 'என் இனிய இயந்திரா.' கதை நடப்பது 2021இல் என்று சொன்னதும் அப்பா, "அதுதான் தாண்டிப் போச்சே" என்றார். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய ஒரு நாட்டைக் காட்டுகிறார், அப்பா அதை ரொம்ப நேரம் யோசித்தார். ஜீனோ என்கிற இயந்திர நாய்க்குட்டி பேச ஆரம்பித்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், சண்டைக்கு வராதே. அவர் எழுதும் அந்தச் சின்னச் சின்ன உரையாடல்கள் கண்ணுக்குத்தான் மின்னல். யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பே இல்லாமல் பத்து வரி ஓடும்போது கேட்கிறவருக்கு ஆள் தெரிவதில்லை. நிலாவுக்கு ஒரு குரல், சிபிக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல் என்று நான் மாற்றி மாற்றிப் பேசித்தான் கரை சேர்ந்தேன். வேகம் அவருடையது, மூச்சு என்னுடையது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அது தமிழில் எழுதப்பட்ட பெரிய நாவல்களில் ஒன்று. ஜப்பான்காரன் பிடித்த சுமத்திராவின் மெடான், பினாங்கு, நடுக்கடலில் புயல், அங்கே உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்து உருகும் பாண்டியன். சின்ன வயசில் மெடானுக்குப் பிழைக்கப் போன மனிதர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. மலாய்ச் சொல்லும் செட்டி வீட்டுக் கணக்குப் பேச்சும் சங்கப் பாட்டும் ஒரே வாக்கியத்தில் மோதும். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவுக்கோ கதை எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. பினாங்குக்குக் கப்பலேறிய அவருடைய சித்தப்பாவைப் பற்றி நடுவில் பேச ஆரம்பித்துவிடுவார். அதையும் கேட்டுக்கொண்டேன், அந்தக் கதை எனக்கு இதுவரை தெரியாது. இதில் ஒரு கொடுமை, நான் வாங்கிய பிரதியில் ஒரு ஃபாரமே காணோம். முழுசாக 16 பக்கம். வாங்கிய கடையில் கேட்டால், "பில் இருக்கா மேடம்?" என்கிறான். நல்ல கதையின் நடுவில் பதினாறு பக்கத்தை உருவிவிட்டு விற்கிறவர்களுக்குத் தூக்கம் எப்படித்தான் வருகிறதோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்.' நம் லைப்ரரி பிரதியின் ஓரத்தில் பென்சிலால் 'தூக்க மாத்திரை' என்று எழுதி வைத்தாயே, அதே புத்தகம். அந்தக் கையெழுத்துக்காக நீ ஒருநாள் வெட்கப்படத்தான் போகிறாய்.

உ.வே.சா. பதினேழு வயசுப் பையனாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வருவது எந்த ஊருக்கு? எங்கள் மாயவரத்துக்கு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்று அவர் சொல்லி எத்தனை மாசமாயிற்று.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை தன் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வேரோடு கொண்டுவந்து நட்டிருக்கிறார். தினமும் காலையில் எந்த மரம் தளிர்த்தது என்று பார்த்துக்கொண்டு வருவார். பையன் இதைக் கவனிக்கிறான். மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து, எங்கெங்கே புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறான். அந்தத் தளிர் வழியாகத்தான் ஆசிரியர் மனசுக்குள் நுழைகிறான். நுழைந்து கேட்பது என்ன? இன்னும் கொஞ்சம் பாடம். இந்தப் பகுதியை அப்பா மூன்று நாள் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். நாலாம் நாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு வந்தால் ஆளைக் காணோம். கொல்லையில் நிற்கிறார். முருங்கைக் கிளையைப் பிடித்து, நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

இன்னொரு இடம். பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காருகிறார். வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. அவருக்குத் தெரியாமல் இந்தப் பையன் கடைத்தெருவுக்கு ஓடி, தன் கைக்காசில் எண்ணெய் வாங்கி வந்து வைத்துவிடுகிறான். அவ்வளவு பெரிய புலவர் வீட்டில். நான் குரல் தழுதழுத்து நிறுத்தினேன். அப்பா கேட்ட முதல் கேள்வி: "காசு கொடுத்து வாங்கினானா, கணக்கில் எழுதினானா?" காசுதான் என்றேன். "கணக்கில் எழுதச் சொன்னால் கடைக்காரன் கொடுத்திருப்பான். ஆனா மறுநாள் ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போயிருக்கும். பையன் விவரமானவன்." நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் இது தோன்றும் ராஜி. நான் ஏழ்மையைப் பார்த்தேன், அவர் அந்தப் பையன் காப்பாற்றிக் கொடுத்த மானத்தைப் பார்த்தார்.

அப்புறம் 1876 பிப்ரவரி 1 வந்தது. திருவாவடுதுறையில் பிள்ளை படுக்கையில் கிடக்கிறார். இன்னொரு மாணவர் சவேரிநாத பிள்ளை அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை உ.வே.சா. படிக்கிறார். கேட்டுக்கொண்டே ஆசிரியரின் உயிர் போகிறது.

இது வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மாணவன் படிக்கிறான், படுத்திருப்பவர் கேட்கிறார் என்பதை நான் என் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து படிக்க வேண்டும். தாண்டவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு பக்கத்தைத் திருப்புவது அவரை ஏமாற்றுவது. படித்தேன். முடித்ததும், "போதும்மா, மூடி வை" என்றார். மறுநாள் ஆறு மணிக்குப் புத்தகத்தை எடுத்தேன். "வேண்டாம்" என்றார். அடுத்த நாளும் அப்படியே. ஒன்பது நாள்.

எனக்கானால் மனசு அடித்துக்கொண்டது. புத்தகத்தில் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. அந்தப் பையன் கும்பகோணம் காலேஜில் வேலைக்குப் போக வேண்டும். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் வந்து, இவன் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலையெல்லாம் கேட்டுவிட்டு, இதனால் என்ன பிரயோசனம் என்று ஒரே போடாகப் போட வேண்டும். சைனக் காப்பியமான சீவகசிந்தாமணியை அவன் தேடிப் படித்துப் பதிப்பித்த கதையே அங்கேதானே தொடங்குகிறது. ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து தனியாகப் படித்தேன். சிந்தாமணியில் சந்தேகம் கேட்கச் சைனர் வீட்டுக்குப் போகிறார் உ.வே.சா. வாசலில் கோலமும் அலங்காரமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்குத்தான் கொண்டாட்டம் என்கிறார்கள். நமக்கு ஏட்டில் செத்துக் கிடந்த ஒரு நூலுக்கு ஒரு தெருவில் கோலம் போட்டிருக்கிறார்கள். இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பது? உனக்குக் கடிதம் எழுதும் எண்ணம் அன்றைக்கே வந்தது.

நேற்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? எங்கயாவது வேலை கெடைச்சுதா?"

தோசைக்கரண்டியோடு ஓடினேன். "கெடைச்சுதுப்பா, கும்பகோணத்துல..." என்று ஆரம்பித்தால் கையை ஆட்டினார். "நீ சொல்லாதே. புஸ்தகத்தில என்ன இருக்கோ அதைப் படி."

இன்றைக்கு ஆறு மணிக்கு மறுபடியும் உட்காருகிறோம். ஐப்பசிக் கடைமுகத்துக்கு நீ கட்டாயம் இங்கே வர வேண்டும். துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஒரு வாரமாவது இரு, சாயந்தரத்தில் ஒரு மணி நேரம் உன் முறை. உன்னுடைய 'புயலிலே ஒரு தோணி'யை இன்றைக்கே எடுத்துப் பார். என்னிடம் 96ஆம் பக்கத்துக்கு அடுத்தது 113. நடுவில் உள்ளதை ஜெராக்ஸ் எடுத்து முன்னாலேயே தபாலில் அனுப்பு. கொஞ்சம் பெரிசாக எடுக்கச் சொல், எனக்கும் இப்போதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் சின்ன எழுத்து சிரமமாக இருக்கிறது.

அன்புடன்,
வசந்தா