மடியில் கணினி இருந்தால் வழியில் பயமில்லை

மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை, லீவு கிடைத்தால் பொங்கலுக்கு, ஊருக்கு வருவேன். இந்த 2025 பொங்கலுக்கு வந்தபோது கையில் ஒரு டெஸ்க்டாப் கணினி இருந்தது. அதற்கு 11,069 ரூபாய் வரி கட்டினேன். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கட்ட வேண்டும் என்று விதி சொன்னது, கட்டினேன். அந்த விதியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கணினி என் அக்கா மகளுக்கு. கட்டடக்கலை படிக்கிறாள். அவள் வரைகிற முப்பரிமாணப் படங்களை அவளுடைய பழைய லேப்டாப்பில் ஓடவிட்டால் அது அடுப்பு மாதிரி கொதித்து, பாதியில் அணைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே நடந்து, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்துக்குப் போனேன். தாளில் அச்சடித்த விலைப் பட்டியலைக் கடைக்குக் கடை வாங்கி, பேரம் பேசி, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து அங்கேயே பூட்டித் தரச் சொன்னேன். 27 அங்குல மானிட்டர் 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்; மற்றதெல்லாம் 950. மொத்தம் 1,250 வெள்ளி. அந்த விலைக்குள் அந்த நாட்டு ஜி.எஸ்.டி. 9 சதவீதமும் அடக்கம். சுற்றுலா வருபவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும், வேலை அனுமதியில் இருக்கிற எங்களுக்குக் கிடையாது. சரி, அது அவர்கள் ஊர் சட்டம்.

விமானத்தில் கொண்டுவருவதற்குப் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் சிபியுவை லக்கேஜில் போட்டால், பெட்டி விழுகிற வேகத்தில் அதன் கனமே மதர்போர்டின் ஸ்லாட்டை உடைத்துவிடும் என்று அறைத் தோழர் எச்சரித்தார். அதனால் அதைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். உள்ளே காலியாக இருந்த இடத்தில் இரண்டு கைலிகளைச் சுருட்டி அடைத்தேன். பக்கத்துக் கண்ணாடித் தகடும் தனியாக வந்தது. முப்பது கிலோவில் இவ்வளவையும் ஏற்றிவிட்டுப் பார்த்தால், கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நாலு கிலோதான் மிச்சம். தைலம் இல்லாமல் சிங்கப்பூரிலிருந்து வந்தவனை எங்கள் தெருவில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வந்து இறங்கியது நம் மாநிலத்து விமான நிலையம் ஒன்றில். எது என்று எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, வரி கட்ட வேண்டிய சாமான் இருப்பவர்கள் போகிற சிவப்பு வழிக்கு நானாகவே போனேன். ஸ்கேனரில் இரும்புப் பெட்டிக்குள் கைலியைப் பார்த்த அதிகாரி என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அப்புறம் மானிட்டர் அட்டைப்பெட்டியைத் தட்டி, “இது டிவிதானே?” என்றார்.

“மானிட்டர் சார்.”

“டிவிக்கு ஃப்ரீ அலவன்ஸ் கிடையாது தெரியுமில்ல?”

தெரியும். 2013 ஆகஸ்ட் 26-லிருந்து தட்டைத் திரை டிவிக்கு வரிச்சலுகை இல்லை. தேதிகூட நினைவிருக்கிறது. ஆனால் நீங்கள் 2016-இல் கொண்டுவந்த பயணிகள் உடைமை விதிகளில், சலுகை இல்லாத பொருட்களின் பட்டியலில் ‘தட்டைத் திரைத் தொலைக்காட்சி’ என்றுதான் இருக்கிறது. கணினித் திரை என்று இல்லை. என்னுடையதில் ஆன்டெனா சொருக இடம் இல்லை, சேனல் பிடிக்கிற ட்யூனர் இல்லை, ரிமோட் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, “மானிட்டர்தான், விடுங்க” என்று சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டுக்குப் போய் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கு 63 ரூபாய் என்று வைத்தார்கள், 1,250 வெள்ளிக்கு 78,750 ரூபாய். பயணி ஒருவருக்கு வரியில்லாமல் விட்ட சலுகை 50,000 போக மிச்சம் 28,750. அதற்கு 35 சதவீதம் வரியும், வரியின் மேல் பத்து சதவீதம் சமூகநலக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 38.5 சதவீதம். ஆக 11,069 ரூபாய். மானிட்டரை டிவி என்றே வைத்துக்கொண்டாலும் இதே தொகைதான் வருகிறது! 18,900 ரூபாய் மானிட்டருக்கு முழு வரி, மற்றதில் ஐம்பதாயிரத்தைக் கழித்து மீதிக்கு வரி. கூட்டிப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஒன்றரை மணி நேரம் நானும் அவரும் வாதாடியது சும்மா.

ஆனால் வெறும் மானிட்டரை மட்டும் கொண்டுவருகிறவருக்கு அது சும்மா இல்லை. மானிட்டர் என்றால் வரியே இல்லை. டிவி என்றால் 7,277 ரூபாய். இந்த இரண்டில் எது என்பதை, அன்றைக்கு மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது முடிவு செய்யக்கூடாது அல்லவா?

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள் எங்கள் ஊரில். சுங்கத்தில் அது தலைகீழ். விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் வந்தவர் கேம் ஆடுகிற லேப்டாப் ஒன்றை 3,000 வெள்ளிக்கு வாங்கி மடியில் வைத்திருந்தார். நம் காசுக்கு 1,89,000 ரூபாய். அவர், வரி கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகிற பச்சை வழியில் நடந்து வெளியே போனார். தப்பே இல்லை, சட்டப்படிதான் போனார். 2004 ஜனவரி 8 தேதியிட்ட 11/2004 அறிவிக்கை, பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்கிறது. அந்த ஐம்பதாயிரம் இதற்கு மேல் தனி. அதே 1,89,000 ரூபாய்க்கு அவர் டெஸ்க்டாப் வாங்கியிருந்தால் 53,515 ரூபாய் கட்டியிருப்பார்.

2004-இல் அந்த அறிவிக்கைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். பயணம் போகிறவன் தூக்கிக்கொண்டு போவது லேப்டாப், வீட்டில் கிடப்பது டெஸ்க்டாப் என்கிற பிரிவினை அன்றைக்குச் சரிதான். இன்றைக்கு ஆப்பிள் 2024-இல் விட்ட மேக் மினி ஐந்து அங்குலச் சதுரம், ஒரு கிலோகூட இல்லை. லேப்டாப்பை விட இலேசு. ஆனால் அதில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கவில்லை, அதனால் அது டெஸ்க்டாப். கைப்பைக்குள் டிபன் டப்பா மாதிரி கிடக்கிற டெஸ்க்டாப்.

நாட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறவர்களுக்குத் தனிச் சலுகை இருப்பது எனக்குத் தெரியும். அதில் டெஸ்க்டாப்பும் உண்டு. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்போடு கூட இருப்பவை வி.சி.ஆர்., ஃபேக்ஸ் மெஷின், வாஷிங் மெஷின். யாராவது இப்போது ஃபேக்ஸ் மெஷினை விமானத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்களா? லீவில் வந்து போகிற எங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

என்னை உறுத்துவது இன்னொன்று. வியாபாரி ஒருவர் நூறு கணினிகளைக் கப்பலில் இறக்கினால் அவருக்கு அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா சேர்ந்ததன் பலன் அது. அவர் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுவார், விற்கும்போது அதைக் கழித்துக்கொள்வார். அதே கணினியை நான் ஒன்றே ஒன்று, விற்பதற்கு இல்லாமல் அக்கா மகளுக்காகத் தூக்கி வந்தால், சலுகைக்கு மேலே 38.5 சதவீதம். பொருள் ஒன்றுதான். பெட்டியில் வந்தால் ‘உடைமை’ என்று ஒரே தலைப்பில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வரி போடுகிறீர்கள்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். குருவிகள். ஒவ்வொரு விமானத்திலும் அடுத்தவர் சரக்கைத் தூக்கி வந்து கூலி வாங்கிக்கொண்டு போகிறவர்கள். பர்மா பஜாரைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களைத் தடுக்க வரி அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் குருவிக்கு எது வசதி? ஒன்பது கிலோ சிபியுவா, இரண்டு கிலோ லேப்டாப்பா? வரியில்லாமல் வருவதும் மடக்கி எடுத்துப் போவதும் லேப்டாப்தான். கைலி அடைத்த சிபியுவைத் தூக்கிக்கொண்டு எந்தக் குருவியும் பறக்காது.

அரசாங்கத்தின் இன்னொரு கைக்கு இது புரிந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் கணினி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்தபோது, லேப்டாப், டேப்லெட், எல்லாம் ஒன்றாக இருக்கிற கணினி, மிகச் சிறிய வடிவக் கணினி என்று ஒரே மூச்சில்தான் எழுதினார்கள். பயணிகள் உடைமைக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். அவர்களுக்கு இதெல்லாம் ஓரினம். உங்களுக்கு மட்டும் லேப்டாப் தனிச் சாதி.

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. 11/2004-இல் ‘லேப்டாப்’ என்று இருக்கிற இடத்தில், ‘லேப்டாப் அல்லது வேறு ஒரு கணினி, அதன் திரையோடு’ என்று மாற்றுங்கள். ஒரு ஆளுக்கு ஒன்று, பதினெட்டு வயது என்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும். விலைக்கு ஒரு உச்சவரம்பு வைத்தாலும் சரி, ஆனால் அதை லேப்டாப்புக்கும் சேர்த்து வையுங்கள். அதுவரைக்கும் மானிட்டர் எது, டிவி எது என்று ட்யூனரை வைத்து ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெல்ட் பக்கத்தில் ஒட்டிவைத்தால் அதிகாரிகளுக்கும் வேலை மிச்சம். அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்டவருக்கும் பாவம், பின்னால் இருபது பேர் பெட்டியோடு நின்றார்கள்.

கணினி நன்றாக ஓடுகிறது. சிங்கப்பூர் பிளக்கின் மூன்று செவ்வகக் கால்கள் நம் சுவரில் நுழையவில்லை, கடைத்தெருவில் வேறு வயர் வாங்கினோம், அவ்வளவுதான். அக்கா மகள் முதலில் வரைந்தது எங்கள் வீட்டையே. மாடியில் இல்லாத ஒரு அறையைச் சேர்த்திருக்கிறாள், அது மாமாவுக்காம்.

அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். எங்கள் அறையில் மன்னார்குடிக்காரர் ஒருவர் சித்திரைக்கு ஊருக்கு வருகிறார். தம்பிக்காக 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார், வேறு விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை. பச்சை வழியா, சிவப்பு வழியா என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
லீவில் வந்து போகும் ஒரு பயணி
ஜனவரி 2025